உச்சந்தலைப் புண்ணை மூட முதுகுத் தசை எதற்கு? தொடைத் தோலை ஒட்டினால் போதாதா?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே கவலையோடு படிக்க வருகிறவர்களுக்கும் விளங்கட்டும். அப்பாவுக்கு அறுபது தாண்டிவிட்டது. உச்சந்தலையில் தோல் புற்றுநோய். கட்டியைச் சுற்றி நல்ல தோலையும் சேர்த்து வெட்டினால் 10 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பள்ளம் விழும். மண்டையோட்டைப் போர்த்தியிருக்கும் உறையையும் எடுக்க வேண்டியிருக்கும், ஆறேழு வாரத்தில் ரேடியேஷன் தொடங்கும் என்றிருக்கிறார்கள். பள்ளத்தை மூட முதுகிலிருந்து ஒரு தசையைக் கொண்டுவந்து வைப்போம், எட்டு மணி நேரம் பிடிக்கும் என்கிறார் பிளாஸ்டிக் சர்ஜன். தொடைத் தோலை ஒட்டினால் சீக்கிரம் முடியுமே, பக்கத்துத் தோலை இழுத்தாவது தைக்கலாமே, வயதானவரை ஏன் இந்தப் பாடு படுத்த வேண்டும், அப்புறம் அந்த இடத்தில் முடி முளைக்குமா என்று கேட்கிறீர்கள்.

நான் இந்த வேலையைச் செய்கிறவன்தான். ஆனாலும் அப்பாவைப் பார்க்காமல், ஸ்கேனைப் பார்க்காமல் செய்யுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மாட்டேன். அந்த சர்ஜன் மனதுக்குள் என்ன கணக்குப் போட்டிருப்பார் என்று மட்டும் சொல்ல முடியும். பள்ளம் எத்தனை அகலம் என்பது அந்தக் கணக்கில் இரண்டாவதாகத்தான் வரும். பள்ளத்தின் அடியில் என்ன மிச்சமிருக்கிறது, அதன் மேல் பிறகு என்ன நடக்கப்போகிறது, இந்த இரண்டும்தான் முதலில்.

தலைத்தோல் ஐந்து அடுக்கு. மேலே முடியுள்ள தோல். உச்சியில் சுமார் 3 மில்லிமீட்டர், பிடரிப் பக்கம் 8 மில்லிமீட்டர் வரை தடிமன். அடுத்தது கொழுப்பும் நாரும் பின்னிக் கிடக்கும் அடுக்கு. ரத்தக்குழாய்கள் ஓடுவது இதில்தான். குழாயின் சுவரைச் சுற்றிலும் நார்கள் பிடித்துக்கொண்டிருப்பதால், வெட்டுப்பட்டால் குழாய் சுருங்கி மூடிக்கொள்ள முடியாது. தலையில் சின்னக் காயம் என்றாலும் சட்டை நனைகிற அளவு ரத்தம் கொட்டுவது இதனால்தான். மூன்றாவது கேலியா எனப்படும் கெட்டியான நார்த்தகடு. நெற்றித் தசையையும் பிடரித் தசையையும் இணைப்பது அது. நான்காவது தளர்ந்த சவ்வு. விரல் நுனிகளைத் தலையில் அழுத்தி முன்னும் பின்னும் அசைத்தால் தோல் நகருகிறதே, அது இந்த அடுக்கின் மேல் சறுக்குவது. கடைசியாக எலும்போடு ஒட்டிய மெல்லிய உறை, பெரிகிரேனியம். எலும்புறை என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். பார்க்க ஈர டிஷ்யூ காகிதம் போலத்தான் இருக்கும். ஆனால் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அந்தக் காகிதத்தில்தான் இருக்கிறது.

தொடையிலிருந்து சீவி எடுக்கும் தோலுக்குச் சொந்த ரத்த ஓட்டம் கிடையாது. வைத்த முதல் இரண்டு நாள் அடியில் கசியும் நீரை உறிஞ்சிக்கொண்டு உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அதற்குள் அடித்தளத்திலிருந்து நுண்குழாய்கள் ஒட்டுத் தோலுக்குள் முளைத்து ஏற வேண்டும். ஐந்தாறு நாளில் கட்டுப் பிரிக்கும்போது இளஞ்சிவப்பாக இருந்தால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். எலும்புறை மிச்சமிருந்தால் அதன் மேல் ஒட்டுத் தோல் நன்றாகவே பிடிக்கும், ஏனென்றால் அதில் குழாய்கள் உண்டு. உறையை உரித்தெடுத்த மண்டையோட்டின் வெளித்தகடு வெள்ளை வெளேரென்று காய்ந்து கிடக்கும். அதிலிருந்து எதுவும் முளைத்து மேலே வராது. அங்கே வைத்த தோல் கறுத்து உரிந்துவிடும்.

வெறும் எலும்பை என்ன செய்வது என்பது பழைய தலைவலி. பிரெஞ்சு சர்ஜன் ஓகுஸ்தேன் பெல்லோஸ்த் 1696-லேயே எலும்பில் நெருக்கமாகச் சின்னச் சின்னத் துளைகள் போடச் சொல்லி எழுதியிருக்கிறார். துளை வழியே உள்ளிருந்து சிவப்புச் சதை துளிர்த்து மெல்ல மெல்ல எலும்பை மூடும். அமெரிக்க எல்லைப்புறக் குடியேற்றங்களில் தலைத்தோல் உரிக்கப்பட்டுப் பிழைத்தவர்களுக்கு ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர் கூர்மையான ஊசியால் இதையே செய்தார். 1777-ல் கற்றுக்கொண்ட அந்த முறையை 1806-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார். வேலை செய்யும், ஆனால் மாதக்கணக்கில் இழுக்கும். இன்றைக்கும் இதன் வாரிசு இருக்கிறது. பர் என்ற சுழலும் கருவியால் வெளித்தகட்டைச் சுரண்டி, நடுவில் உள்ள ரத்தம் கசியும் பஞ்சு எலும்பு தெரியும்வரை இறங்குவோம். அதன் மேல் செயற்கை டெர்மிஸ், அதாவது தோலின் உள்ளடுக்குக்கு மாற்றான தகட்டை வைத்து மூன்று நான்கு வாரம் விட்டால் அதற்குள் குழாய்கள் ஏறிவிடும். பிறகு அதன் மேல் மெல்லிய தோல் ஒட்டு. நீண்ட மயக்க மருந்தைத் தாங்க முடியாத, இதயம் பலவீனமான முதியவர்களுக்கு இதை நான் தயங்காமல் சொல்வேன். எல்லாருக்கும் பெரிய ஆபரேஷன்தான் சரி என்று பிடிவாதம் பிடிக்கிற ஆள் இல்லை நான். எலும்புறை பத்திரமாக இருந்து, ரேடியேஷனும் தேவையில்லை என்றால், 10 சென்டிமீட்டர் என்ன, அதைவிடப் பெரிய பள்ளத்தையும் தோல் ஒட்டால் மூடி மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பலாம்.

உங்கள் அப்பாவுக்கு இரண்டும் எதிர்ப்பக்கம் நிற்கின்றன. உறை போகிறது, ரேடியேஷன் வருகிறது. எலும்பின் மேல் ஒரு மில்லிமீட்டர் கூட இல்லாத ஒட்டுத் தோல், அதன் மேல் ஐந்தாறு வாரக் கதிர்வீச்சு என்றால், தோல் முதலில் உலரும், பிறகு ஒரு மூலையில் வெடிக்கும், வெடிப்பின் அடியில் எலும்பு எட்டிப் பார்க்கும். கதிர்வீச்சு பட்ட எலும்பு வெளியே தெரிந்துவிட்டால் தானாக மூடிக்கொள்வது அபூர்வம். சீழ் பிடிக்கும், எலும்பு செத்துப்போகும். வருடக்கணக்கில் கட்டு மாற்றிக்கொண்டே இருந்து, கடைசியில் செத்த எலும்பை வெட்டி எடுத்துவிட்டு இதே தசையைக் கொண்டுவந்து வைப்பார்கள். அப்போது ஆபரேஷன் இன்னும் கடினம், நோயாளிக்கு வயதும் கூடியிருக்கும். காலக்கெடு வேறு இருக்கிறது. இந்த வகைப் புற்றுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறேழு வாரத்துக்குள் கதிர்வீச்சைத் தொடங்கிவிடப் பார்ப்பார்கள். அதற்குள் புண் முழுசாக ஆறியிருக்க வேண்டும். சதை துளிர்க்கட்டும் என்று காத்திருக்க நேரம் இல்லை.

சரி, பக்கத்துத் தோலை இழுத்தால்?

தலைத்தோலுக்கு ரத்தப் பஞ்சமே கிடையாது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஐந்து தமனிகள். புருவத்துக்கு மேலே இரண்டு, காதுக்கு முன்னால் நெற்றிப்பொட்டு வழியாக ஒன்று, காதுக்குப் பின்னால் ஒன்று, பிடரியில் ஒன்று. எல்லாம் மேலேறி உச்சியில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன, இடப்பக்கமும் வலப்பக்கமும் உட்பட. அதனால் ஒரு தமனியை மட்டும் அடிக்காம்பில் விட்டுவிட்டு, தலைத்தோலில் பெரிய துண்டைக் கேலியாவோடு சேர்த்துக் கிளப்பித் திருப்பி வைக்கலாம். சொந்த ரத்தக்குழாயோடு நகரும் இந்த மாதிரித் துண்டைத்தான் ஃபிளாப் என்கிறோம். ஒட்டுத் தோலைப் போல அடித்தளத்தை நம்பி அது பிழைக்க வேண்டியதில்லை. வெறும் எலும்பின் மேலும் உட்காரும், உலோகத் தகட்டின் மேலும் உட்காரும். முடியும் கூடவே வரும்.

தடை என்னவென்றால் கேலியா. உள்ளே லைனிங் வைத்துத் தைத்த ரவிக்கையில் மேல்துணி எவ்வளவு இளகினாலும் லைனிங் விட்டுக்கொடுக்காதே, அந்தக் கதைதான். அதனால் 3 சென்டிமீட்டர் அகலம் வரை உள்ள பள்ளத்தைத்தான் இரு ஓரத்தையும் இழுத்து நேராகத் தைக்க முடியும். இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்றால் ஃபிளாப்பைத் தலைகீழாகத் திருப்பி, அடிப்பக்கத்தில் கேலியாவை மட்டும் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகக் கீறிவிடுவோம். ஒரு கீறலுக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் இளகும். பத்துக் கீறலுக்கு ஒன்றரை சென்டிமீட்டர், அவ்வளவுதான் கிடைக்கும். அதற்கும் கத்தி ஒரு இம்மி ஆழம் போனால், கேலியாவை ஒட்டி மேலே ஓடும் குழாயையே அறுத்துவிடும். இந்தக் கட்டத்தில் ஆபரேஷன் அறையில் பேச்சுச் சத்தம் தானாகவே குறையும்.

மண்டை உருண்டையாக இருப்பதும் ஒரு தொல்லை. வயிற்றிலோ தொடையிலோ போதுமான நீளம் இங்கே போதாது, வளைவே பாதியைத் தின்றுவிடும். பள்ளத்தின் அகலத்தைப்போல நாலு முதல் ஆறு மடங்கு நீளத்துக்கு வில்லாக வெட்டினால்தான் சுழற்சி ஃபிளாப் சிரமமில்லாமல் வந்து சேரும். 5, 6 சென்டிமீட்டர் பள்ளத்துக்கு அது அருமையான வழி. அதற்கு மேல் போனால் மிச்சமுள்ள தலைத்தோல் முழுவதையும் கிளப்ப வேண்டிவரும். மிகேல் ஓர்திகோச்சியா 1967-ல் நான்கு ஃபிளாப் முறையையும், 1971-ல் அதைத் திருத்தி மூன்று ஃபிளாப் முறையையும் வெளியிட்டார். மிச்சத் தலையை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பெயர் தெரிந்த தமனியாவது இருக்கும்படி பார்த்து, எல்லாவற்றிலும் கேலியாவைக் கீறி, பள்ளத்தின் நடுவில் கொண்டுவந்து சேர்ப்பது. இன்றும் பயன்படுகிறது, குறிப்பாகப் பிடரிப் பக்கம். ஆனால் ரத்தம் நிறையப் போகும். மூன்று துண்டும் சந்திக்கும் நுனியில்தான் இழுவிசை அதிகம், அதே நுனியில்தான் ரத்தம் குறைவு. அந்த நுனி உங்கள் அப்பாவுக்குச் சரியாகக் கதிர்வீச்சு விழப்போகிற நடு உச்சியில் அமையும். காகிதத்தில் வரைந்தால் 10 சென்டிமீட்டர் மூடும்தான். நானாக இருந்தாலும் இவருக்கு அதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

திசு விரிவாக்கம் என்று இணையத்தில் படித்திருப்பீர்கள். நல்ல தலைத்தோலுக்கு அடியில் சிலிக்கோன் பையை வைத்துத் தைத்துவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து வாராவாரம் ஊசி வழியே உப்புநீர் ஏற்றுவார்கள். இரண்டு மூன்று மாதத்தில் தலை ஒரு பக்கம் புடைத்து நிற்கும். பிறகு பையை எடுத்துவிட்டு, விரிந்த தோலை நகர்த்தித் தைப்பார்கள். செடோமிர் ராடோவான் 1970-களில் இதைப் பரவலாக்கினார். தலைத்தோலில் பாதி போனவர்களுக்குக்கூட முடியோடு மூடிவிடலாம், முடியின் அடர்த்தி பாதியாகக் குறைந்தாலும் கண்ணுக்கு அவ்வளவாகத் தெரியாது. தீக்காயத் தழும்பு உள்ள குழந்தைகளுக்கும், விபத்துக் காயம் ஆறி வருடம் கடந்தவர்களுக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் புற்றுநோயாளிக்கு மூன்று மாதம் காத்திருக்க முடியாது, சீழ் இருக்கும் இடத்தில் பை வைக்க முடியாது, கதிர்வீச்சு பட்ட தோல் விரியாது.

அதனால்தான் முதுகு. லாட்டிஸிமஸ் டார்சை என்பது முதுகின் அடியிலிருந்து அக்குள் வரை விசிறி போல் விரிந்த அகலமான, தட்டையான தசை. 20 சென்டிமீட்டர் அகலமும் 35 சென்டிமீட்டர் நீளமும் எடுத்தாலும் எடுக்கலாம். அதற்கு ரத்தம் தரும் தமனியும் சிரையும் அக்குளில் ஒரே காம்பாக வந்து சேர்கின்றன. காம்போடு தசையை வெட்டியெடுத்து, மண்டையின் மேல் விரித்துப் போட்டு, காம்பைக் காதுக்கு முன்னால் உள்ள நெற்றிப்பொட்டுக் குழாய்களோடு மைக்ராஸ்கோப்பின் அடியில் தைத்து இணைப்பார்கள். தசையின் மேல் தொடையிலிருந்து எடுத்த மெல்லிய தோல் ஒட்டு. அதாவது நீங்கள் கேட்ட தொடைத் தோலும் இதில் உண்டு. அது பிடித்துக்கொள்வதற்கு ரத்தம் உள்ள ஒரு தரையை முதலில் போட்டுக் கொடுக்கிறார்கள்.

தொடையின் வெளிப்பக்கத் தோலையும் கொழுப்பையும் குழாயோடு எடுக்கும் முறையும் உண்டு, அதற்கு ஏ.எல்.டி. ஃபிளாப் என்று பெயர். 1984-ல் சீனாவின் சோங் யேகுவாங்கும் அவர் குழுவினரும் விவரித்தது. நோயாளியை மல்லாக்கப் படுக்கவைத்தபடியே ஒரு குழு தலையிலும் இன்னொரு குழு தொடையிலும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்பது அதன் பெரிய சௌகரியம். மூளையுறையையும் ஈடுகட்ட வேண்டியிருந்தால், தொடையின் கெட்டியான நார்ப்படலத்தைச் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எட்டொன்பது சென்டிமீட்டர் அகலத்துக்கு மேல் எடுத்தால் தொடையை நேராகத் தைத்து மூட முடியாது. தொடையில் கொழுப்பு உள்ளவர்களுக்குத் தலையில் மெத்தை வைத்தது போல் நிற்கும், பிறகு குறைக்க இன்னொரு ஆபரேஷன். முதுகுத் தசை அப்படியில்லை. நரம்பை வெட்டிவிடுவதால் மாதங்கள் போகப்போகச் சுருங்கி மண்டையின் வளைவோடு படிந்துவிடும். முதல் மாதம் பார்த்துவிட்டு, இவ்வளவு வீக்கமாக இருக்கிறதே என்று கலங்க வேண்டாம்.

ஒரு இடத்துச் சதையை முற்றிலும் துண்டித்து, வேறு இடத்துக் குழாயோடு இணைக்கும் இந்த வித்தையின் ஆரம்பகால வெற்றிகளில் ஒன்று தலையில்தான் என்பது பலருக்குத் தெரியாது. டொனால்ட் மெக்லீனும் ஹாரி பன்கியும் வயிற்றுக்குள் இருக்கும் ஓமெண்டம் என்ற கொழுப்புத் திரையைத் தலையின் பெரிய பள்ளத்துக்கு மாற்றி, அதன் மேல் தோல் ஒட்டி, 1972-ல் வெளியிட்டார்கள். அவ்வளவு சீக்கிரமே தலை பயிற்சிக்களமாக அமைந்ததற்கு உதவியதும் நெற்றிப்பொட்டுக் குழாய்தான். தோலுக்கு அடியிலேயே கிடக்கிறது, விரல் வைத்தால் துடிப்பது தெரிகிறது.

எட்டு மணி நேரம் எதற்குப் போகிறது என்று கேட்டீர்கள். கட்டியை எடுத்து ஓரங்களை உடனுக்குடன் பரிசோதனைக்கு அனுப்பிப் பதில் வாங்க ஒரு நேரம். முதுகிலிருந்து எடுக்கப் பக்கவாட்டில் படுக்கவைத்துத் திருப்ப வேண்டும், மயக்கத்தில் உள்ளவரை அசைப்பது சின்ன வேலை இல்லை. பிறகு குழாய் இணைப்பு. தமனியின் உள்விட்டம் இரண்டு மில்லிமீட்டர் சுற்றி. தைக்கும் நூல் தலைமுடியில் பாதித் தடிமன்கூட இருக்காது, ஊசியை வெறுங்கண்ணால் தேடினால் கிடைக்காது. ஒரு தமனிக்கு எட்டுப் பத்துத் தையல். தமனி பரவாயில்லை, சுவர் கெட்டி. சிரை ஈரக் காகிதம் போல ஒட்டிக்கொள்ளும், முன்சுவரைத் தைக்கும்போது பின்சுவரையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் குழாய் அடைபடும். நெற்றிப்பொட்டுச் சிரை சிலருக்குப் பயன்படாத அளவு மெல்லியதாக இருக்கும். அப்போது கழுத்துச் சிரை வரை இறங்கி, தேவைப்பட்டால் காலிலிருந்து ஒரு சிரைத் துண்டை எடுத்து நடுவில் பாலமாக வைக்க வேண்டும். இரண்டு மணி நேரம் கூடிப்போவது பெரும்பாலும் இங்கேதான். கவ்விகளை எடுத்ததும் வெளிறிக் கிடந்த தசை ஓரத்திலிருந்து சிவந்துகொண்டு வரும். எத்தனை தரம் பார்த்தாலும் அந்த ஒரு நிமிடம் எனக்கு அலுத்ததில்லை.

அனுபவமுள்ள கைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஃபிளாப் பிழைக்கிறது. பிழைக்காதவற்றில் பெரும்பாலானவை முதல் மூன்று நாளில் ரத்தம் உறைந்து அடைபட்டவை, அதிலும் சிரை அடைப்புதான் அதிகம். அதனால் முதல் நாள் மணிக்கு ஒருமுறை நர்ஸ் வந்து பார்ப்பார். தூங்கவிடாமல் தொந்தரவு செய்கிறார்கள் என்று சண்டைக்குப் போகாதீர்கள். சின்ன டாப்ளர் கருவியை வைத்துத் துடிப்பைக் கேட்பார், நிறம் பார்ப்பார், சில சமயம் ஊசியால் லேசாகக் குத்திப் பார்ப்பார். சொட்டு பளிச்சென்ற சிவப்பில் மெதுவாக வந்தால் நல்லது. ஒன்றுமே வராமல் வெளிறியிருந்தால் தமனியில் கோளாறு. கருநாவல் நிறத்தில் குபுக்கென்று வந்தால் சிரை அடைத்திருக்கிறது. நடுராத்திரி இரண்டு மணியானாலும் உடனே திரும்ப ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரத்துக்குள் பிரித்துச் சரிசெய்தால் பாதிக்கு மேல் காப்பாற்றிவிடலாம், விடியட்டும் என்று விட்டால் முடியாது.

வீட்டார் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஃபிளாப்பின் உயிர் காதுக்கு முன்னால் இரண்டு விரல் அகலத்தில் ஓடுகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கக் கூடாது, தலையைச் சுற்றி இறுக்கிக் கட்டக் கூடாது, ஆக்ஸிஜன் மாஸ்க்கின் ரப்பர் பட்டையோ மூக்குக்கண்ணாடியின் காம்போ அங்கே அழுத்தக் கூடாது. கண்ணாடி இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது என்று அப்பா அடம்பிடித்தால், அந்தப் பக்கத்துக் காம்பைக் கழற்றிவிட்டுக் கையில் பிடித்துப் படிக்கட்டும். புகை பிடிப்பவராக இருந்தால் ஆபரேஷனுக்கு நான்கு வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அதற்குப் பிறகும் தொடக் கூடாது. சர்க்கரை கட்டுக்குள் இருக்க வேண்டும்.

முதுகில் தழும்பு நீளமாக இருக்கும், உள்ளே நீர் கோத்துக்கொள்வது சகஜம், அதற்காக வைத்த குழாய் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். தோள் வலிமை கொஞ்சம் குறையும். அன்றாட வேலைக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் ஊன்றுகோலையோ வாக்கரையோ நம்பி நடப்பவர் என்றால், உடம்பின் எடையைக் கையில் தாங்க இந்தத் தசை வேண்டும். அப்பா அப்படி நடப்பவர் என்றால் இப்போதே சர்ஜனிடம் சொல்லுங்கள், அவர் தொடைக்கு மாற்றிக்கொள்ளக்கூடும்.

கட்டி எலும்புக்குள்ளும் புகுந்திருந்தால் கணக்கு இன்னொரு படி ஏறும். வெளித்தகடு மட்டும் என்றால் சுரண்டினால் போதும். முழுத் தடிமனும் போய் மூளையுறை தெரிந்தால் நியூரோ சர்ஜனும் சேர்ந்து நிற்பார். சின்ன ஓட்டையை அப்படியே விட்டு ஃபிளாப்பால் மூடலாம். பெரியதற்கு டைட்டானியம் வலை, பீக் பிளாஸ்டிக், அல்லது மண்டையின் வேறு இடத்து எலும்பையே இரண்டு தகடாகப் பிளந்து எடுத்த துண்டு வைப்பார்கள். சீழ் இருந்த இடம் என்றால் அன்றைக்கே எதுவும் வைக்காமல், முதலில் ஃபிளாப்பால் மூடி, சில மாதம் ஆறவிட்டு, பிறகு திறந்து வைப்பதுதான் பத்திரம். உலோகத்துக்கு மேலே மெல்லிய தோல் மட்டும் இருந்தால் என்றைக்காவது ஒருநாள் ஓரம் துருத்தி வெளியே வரும். இங்கேயும் தசைதான் காவல்.

இதோடு நேரடிச் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட மனமில்லை. சுழலும் இயந்திரத்தில் நீள முடி சிக்கினால், புருவத்திலிருந்து பிடரி வரை தலைத்தோல் முழுசாகக் கழன்று வந்துவிடும். முன்னே சொன்ன நான்காவது அடுக்கு தளர்வாக இருப்பதால் அங்கேதான் பிரியும். அந்தத் தோலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஈரத் துணியில் சுற்றி, தண்ணீர் புகாத பையில் போட்டு, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த தண்ணீரில் வைத்துக் கொண்டுவர வேண்டும். பனிக்கட்டி தோலை நேரடியாகத் தொடக் கூடாது, ஸ்பிரிட்டில் கழுவக் கூடாது. ஒரு தமனியும் ஒன்றிரண்டு சிரைகளும் இணைந்தால் போதும், முழுத் தலைத்தோலும் முடியோடு பிழைத்துக்கொள்ளும். 1976-ல் இப்படி மைக்ரோ சர்ஜரியால் இணைத்ததைப் பற்றிய கட்டுரை வந்துவிட்டது. 1994-ல் லூதியானாவில் வயல் இயந்திரத்தில் சடை சிக்கி முகமும் தலைத்தோலும் பிய்ந்து வந்த 9 வயதுச் சிறுமிக்கு, டாக்டர் ஆபிரகாம் தாமஸ் குழுவினர் இரண்டையும் திரும்ப இணைத்தார்கள். கழன்ற சொந்தத் தலைத்தோலுக்கு ஈடாக எந்த ஃபிளாப்பையும் என்னால் செய்து தர முடியாது.

முடிக்கு வருகிறேன். முதுகுத் தசையிலும் தொடைத் தோலிலும் தலைமுடி முளைக்காது. வழுவழுப்பான, சற்று நிறம் மாறிய திட்டாகத்தான் இருக்கும். நோய் திரும்பவில்லை என்று ஓரிரு வருடம் உறுதியான பிறகு, கதிர்வீச்சு படாத ஓரத் தலைத்தோலை விரித்து அந்தத் திட்டைச் சிறிதாக்க முயலலாம். அறுபதைத் தாண்டியவர்களில் பெரும்பாலோர் தொப்பியோ விக்கோ போதும் என்று விட்டுவிடுகிறார்கள். வேறொருவரின் தலைத்தோலையே முடியோடு வைக்க முடியாதா என்றால், அதையும் செய்திருக்கிறார்கள். 2015-ல் ஹூஸ்டனில் மண்டையோட்டின் ஒரு பகுதியையும் தலைத்தோலையும் சேர்த்து மாற்றி வைத்தார்கள். அந்த நோயாளிக்கு அதே நேரத்தில் சிறுநீரகமும் கணையமும் மாற்ற வேண்டியிருந்தது. எப்படியும் வாழ்நாள் முழுக்க எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டியவர் என்பதால்தான் அது நியாயமாயிற்று. மற்ற புற்றுநோயாளிகளுக்கு அந்த மருந்தே நோயைக் கிளப்பிவிடும்.

அடுத்த முறை சர்ஜனைப் பார்க்கும்போது இவற்றைக் கேளுங்கள். எலும்புறையை எடுத்தே ஆக வேண்டுமா, ஸ்கேனில் வெளித்தகடு அரிக்கப்பட்டிருக்கிறதா? ஓரம் சுத்தம் என்ற ரிப்போர்ட் வந்த பிறகுதான் மூடுவீர்களா, அல்லது அன்றைக்கே மூடுவீர்களா? நெற்றிப்பொட்டுச் சிரை சரியில்லை என்றால் எந்தக் குழாயில் இணைப்பீர்கள்? ராத்திரியில் ஃபிளாப் கறுத்தால் ஆபரேஷன் அறைக்கு உடனே வர அங்கே ஆள் இருப்பார்களா? மயக்கவியல் மருத்துவர் இதய எக்கோ பார்த்துவிட்டு, இவர் எட்டு மணி நேரம் தாங்க மாட்டார் என்று சொல்லிவிட்டால் இரண்டாவது திட்டம் என்ன? கடைசிக் கேள்விக்கு அவர் செயற்கை டெர்மிஸ் என்றோ தோல் ஒட்டு என்றோ பதில் சொன்னால் ஆச்சரியப்படாதீர்கள், அப்போது அதுதான் சரி. இந்த வகைப் புற்று காதுக்கு முன்னால் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் நெறிகளுக்கும் (நிணநீர்க் கணுக்கள்) கழுத்து நெறிகளுக்கும் பரவக்கூடியது. எந்த வழியில் மூடினாலும், முதல் இரண்டு வருடம் மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அங்கெல்லாம் கைவைத்துப் பார்க்கச் சொல்லி அழைப்பார்கள். தலைப் புண் ஆறிவிட்டதே என்று அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள்.